குட்டி பார்த்த ரிசல்ட்

குட்டி போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கூடத்துச் சோபாவில் அழுதுகொண்டிருந்த இடத்தில் போன வாரம் விட்டோம். அது சந்தோஷ அழுகை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அண்ணனுடைய லேப் வெப்சைட்டைத் திறந்து தன் நம்பரை அடித்தாள். மேலே அவள் பெயர், வயது. கீழே ஒற்றை வரி. "புற்றுநோய் அணுக்கள் இல்லை."

அதை அப்படியே படமாக்கிக் குடும்ப குரூப்பில் போட்டாள். பெரியப்பா பேரன் முதல் ஒன்றுவிட்ட அத்தை வரை எல்லோரும் பூவும் இதயமும் அனுப்பினார்கள். அழுகிற முகப் பொம்மையை அனுப்பிவிட்டு, அது ஆனந்தக் கண்ணீர் என்று கீழே விளக்கம் எழுதினார் ஒரு சித்தப்பா.

இன்று புதன்கிழமை.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் அண்ணன், ரத்தம் சிறுநீர் எல்லாம் பரிசோதிக்கிற லேப் வைத்திருக்கிறார். கடைக்குட்டிதான் குட்டி. அவளுக்குப் பிறந்த பையன் அவளைவிட ஒரு முழம் வளர்ந்து வெளியூரில் படிக்கிறான், ஆனாலும் அவள் குட்டிதான். நடுவில் பிறந்தவளுக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர் மேதை. சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் நின்றபோது வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. லேபில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட அத்தனையும் மேதை தலையில்தான். வெப்சைட்டும் அவள் கட்டியதுதான்.

காலையில் ரிசப்ஷன் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு மேதையின் அறைக்கு வந்தாள். அறை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு காலத்தில் பஞ்சும் ஊசியும் அடுக்கி வைத்திருந்த இடம். ஒரு மூலையில் வெப்சைட்டை ஓட்டுகிற சர்வர், ஒரு மூலையில் மேதை, நடுவில் ஏசி சொட்டுகிற பக்கெட்.

"மேடம், இவருக்கு நீங்களே பதில் சொல்லுங்க. என்னால சிரிப்பை அடக்க முடியல."

மேதை போனை வாங்கினாள்.

"ஏம்மா, நான் சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தேன்," என்றது ஒரு வயதான குரல். "கர்ப்பம் உறுதினு போட்டிருக்கீங்க. மேல என் பேருதான் இருக்கு. எனக்கு எழுபது வயசாகப் போகுது."

"சார், மன்னிச்சுக்குங்க, ஏதோ தப்பு…"

"தப்புன்னு எனக்கும் தெரியும்மா. என் வீட்டுக்காரி காலையில இருந்து விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவ சிரிச்சுட்டுப் போகட்டும். என் சர்க்கரை என்னாச்சு, அதைச் சொல்லு."

மேதைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய நம்பரை வாங்கி அடித்துப் பார்த்தாள். "ரிசல்ட் இன்னும் தயாராகவில்லை" என்று வந்தது. சரிதான். சர்க்கரை பார்க்கிற மெஷின் நேற்றிலிருந்து மக்கர் செய்கிறது, அவருடையது இன்னும் ஏறியிருக்காது.

"சாயங்காலம் வந்துரும் சார். நீங்க வேற யாரோடதையோ பார்த்திருப்பீங்க."

"என் பேரு எனக்குத் தெரியாதாம்மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் மேதை அதே பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். தயாராகவில்லை. திரும்பவும். தயாராகவில்லை. இன்னொரு தடவை.

"தைராய்டு அளவு இயல்பாக உள்ளது."

மேலே அந்தப் பெரியவர் பெயர்.

மேதையின் சிரிப்பு பாதியில் நின்றது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

வெப்சைட் ஆமை மாதிரி இருக்கிறது என்று ரொம்ப நாளாகவே புகார். நம்பரை அடித்துவிட்டு ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கலாம், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அண்ணன் போகும்போதும் வரும்போதும் குத்திக்காட்டுவார். "என்ன மேதை, உன் சர்வர் நடந்து போய் ரிசல்ட் வாங்கிட்டு வருதா?"

அதில் ரோஷம் வந்துதான் மேதை அந்த வேலையில் இறங்கினாள்.

நம்பரை வாங்கி, ரிசல்ட்டைத் தேடி, பக்கத்தை எழுதித் தருகிற நிரலுக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். பழைய முறையில் ஒவ்வொருவர் கேட்கும்போதும் சர்வர் அந்த ஸ்கிரிப்டைப் புதிதாக ஆரம்பித்து, வேலை முடிந்ததும் அடியோடு கலைத்துவிடும். கவுன்ட்டருக்கு ஆள் வரும்போதெல்லாம் ஒரு குமாஸ்தாவை வேலைக்கு எடுத்து, மேஜை போட்டு, எழுதச் சொல்லி, உடனே வீட்டுக்கு அனுப்புவது போல. நேரம் பிடிக்காமல் என்ன செய்யும்?

புதிய முறையில் சர்வருக்குள்ளேயே மாட்யூல் என்கிற துணை நிரல் ஒன்றை ஏற்றிவிட வேண்டும். அப்புறம் நாலைந்து குமாஸ்தாக்கள் எழுந்திருக்காமல் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆள் வந்தால் எழுத வேண்டியதுதான் பாக்கி. மேதை செட்டிங் ஃபைலைத் திறந்து மாட்யூலை ஏற்றுகிற வரியைச் சேர்த்தாள். ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரை அதன் பொறுப்பில் விட்டாள். முதல் தடவை சர்வர் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. பார்த்தால் ஒரு இடத்தில் திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை. மூடினாள். எழுந்தது.

பறந்தது. நம்பரை அடித்துவிட்டு விரலை எடுப்பதற்குள் ரிசல்ட். அண்ணன் அன்றைக்கு நிஜமாகவே பாராட்டினார். "இந்தத் தடவை ரேடியோவைத் திரும்ப மாட்டிட்ட," என்றார்.

அது நடந்து இரண்டு வாரம் ஆகிறது.

இப்போது மேதை தன் லேப்டாப்பில் வெப்சைட்டின் நகல் ஒன்றை ஓட விட்டாள். குமாஸ்தாக்களை எல்லாம் எழுப்பிவிட்டு ஒரே ஒருவரை மட்டும் உட்கார வைத்தாள். செட்டிங்கில் ஒரு எண்ணை மாற்றினால் அதைச் செய்யலாம். பல பேர் உட்கார்ந்திருந்தால் தப்பு ஒரு தடவை வரும், ஒரு தடவை ஒளிந்துகொள்ளும். ஒரே ஆள் என்றால் ஒளிய இடமில்லை.

ரிசல்ட் ஏறிய ஒரு நம்பரைத் திறந்தாள். வந்தது. ரிசல்ட் ஏறாத ஒரு நம்பரைத் திறந்தாள்.

முதல் ஆளின் ரிசல்ட், இரண்டாவது ஆளின் பெயரில்.

மாற்றி மாற்றி அடித்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே.

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற தப்பு. ரிசல்ட் இருந்தால் அதை எடுத்துக் குமாஸ்தா கையில் இருக்கிற பலகையில் எழுது என்று ஒரு வரி. பலகை காலியாக இருந்தால் தயாராகவில்லை என்று சொல் என்று இன்னொரு வரி. அடுத்த ஆள் வருவதற்குள் பலகையை அழி என்று எங்கேயும் இல்லை. பழைய முறையில் அது தேவையும் இல்லை. ஒவ்வொரு குமாஸ்தாவும் வரும்போதே புதுப் பலகை கொண்டு வந்தார். இப்போது உட்கார்ந்திருக்கிறவர் கையில் ஒரே பலகை. முன்னால் வந்தவருக்கு எழுதியது அப்படியே இருக்கிறது. அடுத்தவர் பெயரை எப்போதும் புதிதாக எழுதுவார், ரிசல்ட் இருந்தால் அதையும் பழையதன் மேல் எழுதுவார். இல்லையென்றால் இருப்பதையே தூக்கிக் காட்டுவார். அவ்வப்போது சர்வர் ஒரு குமாஸ்தாவை மாற்றிப் புது ஆளை உட்கார வைக்கும், அவர் பலகை மட்டும்தான் கொஞ்ச நேரம் காலி.

மேதை பலகையை அழிக்கிற வரியை எழுதிச் சேர்த்தாள். திரும்பச் சோதித்தாள்.

அதே தப்பு.

வரியைப் படித்தாள், எழுத்து எழுத்தாகப் படித்தாள். சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது. மாட்யூல் ஸ்கிரிப்டைத் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபைலில் என்ன மாற்றினாலும் பழைய பாடத்தையே ஒப்பிக்கும். சர்வரை ஒரு தடவை நிறுத்தி எழுப்பி, இரண்டு நம்பரையும் முன்போலவே வரிசையாக அடித்தாள்.

"ரிசல்ட் இன்னும் தயாராகவில்லை."

நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பாடா, தப்பு மாட்டிக்கொண்டது, பெரிதாக ஒன்றும் இல்லை, ரிசல்ட் ஏறுவதற்கு முன்னால் அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு மட்டும்தான்…

அவசரப்பட்டுத் திறந்தவர்கள்.

மேதை எழுந்திருக்கவில்லை. கை மட்டும் தானாகப் போய் ஒரு நம்பரை அடித்தது. குட்டியின் நம்பர். வெப்சைட் பக்கத்தில் அல்ல, ரிசல்ட்டுகள் சேமித்திருக்கிற இடத்திலேயே.

பெயர் இருந்தது. வயது இருந்தது. ரிசல்ட் என்கிற இடம் வெறுமனே இருந்தது. யாரும் எதுவும் அதில் எழுதவே இல்லை. இன்று வரை.

அண்ணன் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கண்ணால் அவளைப் பார்த்தார்.

"என்ன மேதை, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வெப்சைட்டை மூடப் போறேன் அண்ணா."

"எதுக்கு?"

சொன்னாள். பலகை, குமாஸ்தா எல்லாம் சொல்லவில்லை. ஒருத்தர் ரிசல்ட் இன்னொருத்தருக்குப் போகிறது என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேருக்கு?"

"தெரியல. ரெண்டு வாரமா நடக்குது."

"சரி பண்ணிட்டியா?"

"லேப்டாப்புல சரியாயிருச்சு. ஆனா எனக்கு இப்ப அந்த மாட்யூல் மேல நம்பிக்கை இல்ல. அதைக் கழட்டிட்டு பழைய மாதிரியே ஓட விடப் போறேன். அதுவரைக்கும் மூடணும். பார்த்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லணும்."

"மெதுவாப் பேசு." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சத்தமில்லாம மாத்து. ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்து. மூடினேன், போன் பண்ணினேன்னு கிளம்பினா நாளைக்கு ஒரு பய இந்த வாசப்படி ஏற மாட்டான். எத்தனை வருஷத்து லேப் இது. ஒரு ரிசல்ட் தப்புன்னு ஒருத்தன் விரல் நீட்டினது இல்ல."

"அண்ணா."

"ராத்திரி பகலாக் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்து…"

"அண்ணா, குட்டி ரிசல்ட்டை நீ ஏத்தினியா?"

அண்ணன் நிறுத்தினார். "நான் எதுக்கு ஏத்தப் போறேன்? நான்தான் சனிக்கிழமை ஊர்லயே இல்லையே. கவர் வந்திருக்கும், நீ ஏத்தியிருப்பேன்னு நினைச்சேன்."

"நான் ஏத்தல."

"அப்ப அந்தப் பொண்ணு ஏத்தியிருக்கும்."

"யாருமே ஏத்தல. அந்த இடம் காலியா இருக்கு."

சதைப் பரிசோதனை இந்த லேபில் செய்வதில்லை. இங்கிருந்து ஒரு பெரிய லேபுக்கு அனுப்பி வைப்பார்கள். அங்கிருந்து கவர் வரும், வந்ததை ரிசப்ஷனில் பார்த்து ஏற்றுவார்கள். அண்ணன் கதவைத் திறந்து ரிசப்ஷனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, பெரிய லேப்ல இருந்து நம்ம குட்டியோட கவர் வந்துச்சா?"

"இல்ல சார். வெள்ளிக்கிழமை ஆகும்னு சொன்னாங்களே. குட்டி மேடமுக்குத்தான் எதுவும் இல்லைன்னு வந்துருச்சேன்னு நானும் கேட்கல. போன்ல சொல்லியிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அண்ணன் கதவை மறுபடி சாத்தினார். சாத்திய கதவின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ அவ பக்கத்தைத் திறந்து பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"அவ அனுப்பின படத்தைப் பார்த்தேன். நீ?"

"நானும் அதைத்தான் பார்த்தேன்."

குரூப்பில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள். ஒருவராவது அந்த நம்பரை அடித்துத் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கெட்ட சேதியாக வந்திருந்தால் அண்ணன் விட்டிருப்பாரா? பெரிய லேபுக்கு ஓயாமல் போன் செய்திருப்பார், இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருப்பார், வேறு இடத்துக்கும் அனுப்பியிருப்பார். நல்ல சேதியை யார் சோதிக்கிறார்கள்? கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பலகையில் சர்க்கரையோ ரத்தசோகையோ இருந்திருந்தால் குட்டியே சிரித்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டிருப்பாள். இருக்கிற ரிசல்ட்டில் எல்லாம் அந்த ஒன்றுதானா அவளுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்?

"மூடிரு," என்றார் அண்ணன். "இப்பவே மூடு. அந்தப் பொண்ணை ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணச் சொல்லு. நான் பெரிய லேப்ல பேசுறேன்."

"நான் குட்டிகிட்டப் போறேன்."

"என்ன சொல்லப் போற?"

"தெரியல."

வெப்சைட்டை மூடிவிட்டு அவள் வெளியே போகும்போது அண்ணன் மேதை என்று கூப்பிடவில்லை. அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லி, "பார்த்துப் போ," என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

குட்டியின் வீடு மூன்றாவது மாடியில். கட்டிலில் பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. சுற்றிலும் துணி. நாளைக் காலையில் குட்டியும் மாப்பிள்ளையும் மலைப்பக்கம் கிளம்புகிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேர் மட்டும் போகிற முதல் பயணம். அதற்காக மாப்பிள்ளை வேலையில் லீவு போட்டிருக்கிறார்.

இன்று சாயங்காலம் குட்டி சர்ஜனைப் பார்த்திருக்க வேண்டும். அதைச் சனிக்கிழமையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வாக்கா. என்ன இந்த நேரத்துல? அண்ணன் வேலையை விட்டுத் துரத்திட்டானா?"

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"ஸ்வெட்டர் வாங்கப் போயிருக்கார். மலையில குளிருமாம். எனக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு. அவருக்கு எதுக்கு ரெண்டுன்னு கேளு. ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணாம். மனுஷன் மழையில குதிக்கப் போறார் போல."

குட்டி ஒரு துண்டை மடித்துக்கொண்டே பேசினாள். மேதை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் பக்கம் போனாள். வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"லேப் சர்வர்ல நான் ஒரு மாட்யூல் போட்டேன்டி."

"சரி."

"சீக்கிரம் வரட்டும்னு. அதுல ஒரு தப்பு. ஒருத்தருக்கு ரிசல்ட் வராம இருந்தா, அதுக்கு முன்னாடி பார்த்தவங்களோடது அப்படியே நின்னுருது. பேரு மாறிருது, ஆனா ரிசல்ட் மட்டும்…"

குட்டி துண்டை மடித்து முடித்து, அதை உதறி, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை நீ பார்த்தது உன்னோடது இல்லடி," என்றாள் மேதை.

குட்டி தலையைத் தூக்கவில்லை.

"அது யாரோடது?"

"தெரியல. உனக்கு முன்னாடி பார்த்த யாரோ."

"அப்ப அவங்களுக்கு ஒண்ணும் இல்லதானே?"

"இல்ல."

"நல்லது," என்றாள் குட்டி. துண்டைப் பெட்டியில் வைத்துத் தட்டினாள். "எனக்குத் தெரியும்க்கா."

"என்னடி தெரியும்?"

"இந்த மாட்யூல் கதை எல்லாம் தெரியாது. அன்னைக்கு சாயங்காலம் ஆசையா இருந்துச்சு, அந்த வரியை இன்னொரு தடவை பார்க்கணும்னு. படத்துல இல்ல, நிஜமாவே. நம்பரை அடிச்சுத் திறந்தேன். இன்னும் தயாராகலைன்னு வந்துச்சு. நெட் சரியில்லைன்னு நினைச்சேன். மறுபடி பார்த்தேன். பாத்ரூம்ல போய் உட்கார்ந்துக்கிட்டுப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை பார்த்தேன். நேத்துப் பார்த்தேன். ஒரு தடவை வைட்டமின் குறைவுன்னு வந்துச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு, உன் சர்வருக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு."

"அடிப்பாவி, ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்ல?" குட்டி முதல் தடவையாக அக்காவைப் பார்த்தாள். "நான் பாத்ரூம்ல இருந்து வெளிய வர்றேன், அவர் கூடத்துல பாடிக்கிட்டு இருக்கார். இத்தனை வருஷத்துல அவர் பாடி நான் கேட்டதே இல்லக்கா. கர்ண கொடூரம். பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்தினாங்க. அவருக்கு அது காதுலயே விழல. ரெண்டு மாசமா அவர் ஒழுங்காச் சோறு தின்னு நான் பார்க்கல, அன்னைக்கு மூணு தடவை போட்டுத் தின்னார். நான் அந்த நேரத்துல போய், ஏங்க, அது என்னோடது இல்லைங்கன்னு சொல்லணுமா?"

மேதை ஜன்னலை விட்டுத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சர்ஜனை வேண்டாம்னு சொன்னதும் அவர்தான். நான் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டினேன். என் வாயால சொல்லல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். வெள்ளிக்கிழமை கவர் வரும்னு தெரியும். அதுவரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். அந்தப் படம் என்கிட்ட இருக்குல்ல. அது மாறாது. எப்பத் திறந்தாலும் இல்லைன்னுதான் சொல்லும். அதைப் பார்த்துட்டுத் தூங்கிருவேன்."

"என்னாலதான்டி எல்லாம். வேகமா வரணும், வேகமா வரணும்னு…"

"வேகமாத்தான் வந்துச்சு," என்றாள் குட்டி. "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துச்சு."

சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதி வழியில் கோணிக்கொண்டது. மேதை அவள் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்கிறேன், செய்வியா? அஞ்சு நாள். போயிட்டு வந்துர்றோம். வந்ததும் நானே எல்லாத்தையும் சொல்றேன், சர்ஜனைப் பார்க்கிறேன், வெட்டணும்னாலும் சரி, எதுன்னாலும் சரி. இந்த அஞ்சு நாளை மட்டும் விட்டுரு. அண்ணன்கிட்டச் சொல்லி வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு. அவருக்கு அந்த மலையை ஒரு தடவை காட்டிட்டு வந்துர்றேன்."

ஐந்து நாள். ஐந்து நாளில் என்ன ஆகிவிடும் என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. ஏற்கெனவே நான்கு நாளை உன் ஸ்கிரிப்ட் தின்றுவிட்டது என்று இன்னொரு பக்கம் சொன்னது. தப்பைச் செய்தவளிடம் வந்து, அந்தத் தப்பை இன்னும் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்கிறாள். லேபில் ஸ்விட்சை அணைத்த மாதிரி இதை அணைக்க முடியவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

அண்ணன்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அவர் குரல் உள்ளே வந்துவிடும். மாடிப்படியிலேயே ஆரம்பித்து, செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டில் எல்லோரையும் ஒரு ரவுண்டு கிண்டல் பண்ணி முடித்திருப்பார். இன்றைக்கு மணியை அடித்துவிட்டுக் கதவு திறக்கிற வரைக்கும் வெளியே நின்றார். உள்ளே வந்தார். மேதையைப் பார்த்தார். குட்டியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை எங்க?"

"கடைக்குப் போயிருக்கார்," என்றாள் குட்டி. "பெரிய லேப்ல பேசினியா?"

"அவர் வரட்டும்."

"வெள்ளிக்கிழமைதானே வரும்னு சொன்னாங்க?"

"முடிஞ்சிருச்சாம். கவர்ல போடறதுதான் பாக்கியாம். மாப்பிள்ளை வரட்டும் குட்டி, உட்கார்ந்து பேசுவோம்."

"அண்ணா, ரிசல்ட் என்னோடது. என்கிட்டச் சொல்லு."

அண்ணன் வாயைத் திறந்தார். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொல்லிப் பழகிய மனுஷர். ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் சொல்லாமலே அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்துபோயிற்று.

மேதை தங்கையின் தோளைத் தொடப் போனாள். குட்டி வேண்டாம் என்று கையால் தடுத்தாள். தொட்டால் உடைந்துவிடுவேன் என்கிற மாதிரி.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைப் பைகள் சுவரில் உரசுகிற சத்தம். கூடவே மாப்பிள்ளையின் குரல். யாருடனோ போனில் பேசிக்கொண்டே ஏறி வருகிறார், மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பேச்சை விடவில்லை.

"ஆமாங்க, ஆமாங்க, ஒண்ணுமே இல்லைன்னு வந்துருச்சு. ரெண்டு மாசம் உயிர் கையில இல்லைங்க எங்களுக்கு. இல்லைங்க, இன்னொரு இடத்துல எல்லாம் பார்க்கத் தேவையே இல்ல. நம்ம மச்சான் லேப்தான். அங்க தப்பு வர்றதுக்கு வாய்ப்பே கிடையாது."

அண்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

குட்டி முந்திக்கொண்டாள். கலைந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள். "நீங்க ரெண்டு பேரும் எதுவும் பேசாதீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "அவர்கிட்ட நான்தான் சொல்லணும்."

சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.